முத்திரை மோதிரமும் முளையும்: எரேமியா முதல் சகரியா வரை வருங்கால அரசன் பற்றிய எதிர்பார்ப்பு

ஆய்வுச்சுருக்கம்

எபிரேய இறைவாக்கு நூல்களில் காணப்படும் வருங்கால அரசன் பற்றிய எதிர்பார்ப்பு, பெரும்பாலும் பிற்கால மெசியாக் கோட்பாட்டின் தொடக்கநிலையாகவே வாசிக்கப்படுகின்றது. அவ்வாறு வாசிக்கும்போது, அவ்வெதிர்பார்ப்பு பிறந்த அரசியற்சூழலும் அதனுள் நிகழ்ந்த விவாதமும் மறைந்துவிடுகின்றன. இக்கட்டுரை கி.மு. 609 முதல் 515 வரையிலான காலப்பகுதியை எடுத்துக்கொண்டு, முத்திரை மோதிரம், முளை என்னும் இரு உருவகங்களின் வரலாற்றை ஆராய்கின்றது. ஒரு தனிமனிதனோடு பிணைக்கப்பட்ட மோதிர உருவகம் பிற்காலத்தில் கடந்தகாலப் புகழ்ச்சியாக நின்றுவிட்டது. பெயர் சுட்டாது ஆட்சியின் அளவுகோலை முன்வைத்த முளை உருவகம் எதிர்பார்ப்பாகத் தொடர்ந்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இறைவாக்கினர், தாவீது மரபு, யோயாக்கீன், செருபாபேல், முளை, முத்திரை மோதிரம், மெசியா

1. முன்னுரை

கி.மு. 597 மார்ச்சு மாதத்தில் எருசலேம் நகரம் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரிடம் பணிந்தது. அரியணையேறி 3 மாதமே ஆகியிருந்த யூதா அரசன் யோயாக்கீன், தாயுடனும் அரண்மனையாருடனும் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்டான். 2 இராஜாக்கள் நூல் அப்போது அவனுக்கு 18 வயது என்கின்றது. இந்த அரசனைக் குறித்து எரேமியா நூலில் ஒரு கடுமையான வாக்கு இடம்பெற்றுள்ளது. அவன் கடவுளின் வலக்கையில் அணிந்த முத்திரை மோதிரமாகவே இருந்தாலும் அங்கிருந்து கழற்றி எறியப்படுவான் என்றும், அவன் வழியில் எவரும் தாவீதின் அரியணையில் அமரமாட்டார் என்றும் அவ்வாக்கு அறிவிக்கின்றது (எரேமியா 22:24-30).

இந்நிகழ்ச்சிக்கு 77 ஆண்டுகளுக்குப் பின்னர், கி.மு. 520இல், ஆகாய் என்னும் இறைவாக்கினர் அதே யோயாக்கீனின் பேரனாகிய செருபாபேலை நோக்கி, கடவுள் அவனை முத்திரை மோதிரமாக வைப்பார் என்று கூறினார் (ஆகாய் 2:23). கழற்றி எறியப்பட்ட மோதிரம் மீண்டும் விரலுக்கு வந்தது. ஆயினும் செருபாபேல் அரசனாகவில்லை. அவன் முடிவு எவ்வாறாயிற்று என்பதை எந்நூலும் கூறவில்லை.

ஓர் எதிர்பார்ப்பு பெயர் சுட்டப்பட்டு, நாள் குறிக்கப்பட்டு, பின்னர் நிறைவேறாமற்போனால், அதைத் தாங்கிய நூல் மரபு என்ன செய்யும் என்பதே இக்கட்டுரையின் வினா. விடை காண, யூதாவின் இறுதி அரசர்கள் காலம் முதல் இரண்டாம் ஆலயம் கட்டிமுடிக்கப்பட்ட காலம் வரையிலான பகுதிகள் காலமுறைப்படி நோக்கப்படுகின்றன. பெயர்கள் தமிழ் விவிலியத்தில் பரவலாக வழங்கும் வடிவத்திலேயே எடுத்தாளப்படுகின்றன.

2. சொல்லும் பின்னணியும்

மெசியா என்னும் சொல்லின் மூலமாகிய 'மாஷியாக்' என்பதற்கு எண்ணெய் பூசப்பெற்றவர் என்பது பொருள். எபிரேய விவிலியத்தில் அது சவுல், தாவீது போன்ற அரசர்களையும் குருக்களையும் குறிக்கும் வழக்குச் சொல்லாகும். ஏசாயா நூல் முழுவதிலும் இப்பெயர்ச்சொல் ஒரேயோர் இடத்தில்தான் வருகின்றது. அங்கும் அது பாரசீக மன்னன் கோரேசைக் குறிக்கின்றது (ஏசாயா 45:1). எரேமியா, எசேக்கியேல், ஆகாய், சகரியா நூல்களில் இப்பெயர்ச்சொல் இல்லை. எனவே, வருங்கால அரசன் பற்றிய எதிர்பார்ப்பை இந்நூல்களில் தேடுவோர் 'மெசியா' என்ற சொல்லை வழிகாட்டியாகக் கொள்ளவியலாது. நார்வே நாட்டு அறிஞர் சிக்மண்ட் மோவிங்கல் 1951இல் வெளியிட்ட நூலில், ஆளும் அரசனைப் பற்றிய அரச சித்தாந்தத்தையும் இறுதிக்கால மெசியா பற்றிய நம்பிக்கையையும் வேறுபடுத்திக் காட்டினார். இவ்வேறுபாடு இன்றும் ஆய்வுக்கு அடிப்படையாக உள்ளது.

எதிர்பார்ப்பின் வேர் தாவீது மரபு பற்றிய வாக்குறுதியில் உள்ளது. தாவீதின் வீடு என்றென்றும் நிலைபெறும் என நாத்தான் இறைவாக்கினர் கூறியதாக 2 சாமுவேல் 7ஆம் அதிகாரம் உரைக்கின்றது. தாவீதின் வீடு என்ற தொடர் விவிலியத்திற்கு வெளியேயும் சான்று பெற்றுள்ளது. 1993இல் வடக்கு இஸ்ரேலின் தெல் தான் அகழாய்வில் கிடைத்த கி.மு. 9ஆம் நூற்றாண்டு அரமேயக் கல்வெட்டு யூதா அரசமரபை அப்பெயரால் சுட்டுகின்றது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

வாக்குறுதி நிலைத்திருக்க, அரசர்கள் தவறினர். இந்த இடைவெளியிலேயே எதிர்பார்ப்பு முளைத்தது. ஏசாயா 11ஆம் அதிகாரம் ஈசாயின் அடிமரத்திலிருந்து தோன்றும் துளிரைப் பற்றிப் பேசுகின்றது. ஈசாய் தாவீதின் தந்தை. ஆளும் மரபை வெட்டுண்ட மரமாகக் காட்டி, தாவீதுக்கும் முந்திய வேரிலிருந்து புதிய தொடக்கம் வேண்டும் என்கின்றது இவ்வுருவகம். அந்தத் துளிரின் முதற்பணியாகச் சொல்லப்படுவது ஏழைகளுக்கு நீதி வழங்குதலே. வருங்கால அரசனைப் பற்றிப் பேசுவது நிகழ்கால அரசனை அளக்கும் வழியாகவும் இருந்தது என்பதை இங்கேயே காணமுடிகின்றது.

3. எரேமியாவின் அரசர் தொகுப்பு

கி.மு. 609இல் அரசன் யோசியா மெகிதோவில் எகிப்திய மன்னன் நேகோவால் கொல்லப்பட்டான். அடுத்த 23 ஆண்டுகளில் 4 பேர் யூதாவை ஆண்டனர். சல்லூம் என்றும் பெயர்பெற்ற யோவாகாஸ் 3 மாதம் ஆண்டு எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டான். எகிப்து அமர்த்திய யோயாக்கீம் பின்னர்ப் பாபிலோனுக்குப் பணிந்து, மீண்டும் கலகம் செய்தான். அவன் மகன் யோயாக்கீன் சிறைப்பட்டான். யோயாக்கீனின் சிறிய தந்தை மத்தனியாவை நேபுகாத்நேச்சார் அரசனாக்கி, சிதேக்கியா எனப் பெயர் மாற்றினான். ஆக, 4 அரசர்களில் இருவர் அயலாரால் அரியணையில் அமர்த்தப்பட்டவர்கள்.

எரேமியா நூலின் 21:11 முதல் 23:8 வரையிலான பகுதி யூதாவின் அரசகுடும்பம் பற்றிய வாக்குகளின் தொகுப்பாகும். இதன் அமைப்பு கருதத்தக்கது. முதலில் அரசனின் கடமை கூறப்படுகின்றது: ஒடுக்கப்பட்டவனை விடுவித்தல், அயலானையும் அநாதையையும் விதவையையும் துன்புறுத்தாமை, குற்றமற்ற இரத்தம் சிந்தாமை. அதன்பின் சல்லூம், யோயாக்கீம், யோயாக்கீன் ஆகிய மூவரும் வரிசையாக மதிப்பிடப்படுகின்றனர்.

யோயாக்கீம் மீதான குற்றச்சாட்டு தெளிவானது. அவன் கேதுருமரப் பலகையும் செவ்வண்ணப் பூச்சும் கொண்ட மாளிகையைக் கட்டுகின்றான். அதற்காக உழைத்தவர்களுக்குக் கூலி தரவில்லை. அவன் தந்தை யோசியாவோ உண்டு குடித்து வாழ்ந்தபோதும் ஏழைகளின் வழக்கை நீதியுடன் தீர்த்தான். கடவுளை அறிதல் என்பது இவ்வாறு நீதி செய்தலே என்று அப்பகுதி வரையறுக்கின்றது (22:13-16). சமய அறிவையும் கூலி கொடுத்தலையும் ஒரே தளத்தில் வைத்த இவ்வரையறை, தொகுப்பு முழுமைக்கும் அளவுகோலாக நிற்கின்றது.

இவ்வரிசையின் இறுதியிலேயே யோயாக்கீன் பற்றிய மோதிர உருவகம் வருகின்றது. பண்டைய மேற்காசியாவில் முத்திரை என்பது அதிகாரத்தின் உருவம். ஆவணத்தில் அது பதிந்தால் உரியவரே முன்னின்று கட்டளையிட்டதற்கு ஒப்பாகும். ஆகாபின் முத்திரையைக் கொண்டு யேசபேல் கடிதம் எழுதி நாபோத்தைக் கொல்லச்செய்த நிகழ்ச்சி (1 இராஜாக்கள் 21) இதற்குத் தக்க சான்று. தாவீது மரபின் அரசனைக் கடவுளின் முத்திரை மோதிரம் எனக் கூறுவது, அவன் ஆணையைக் கடவுளின் ஆணையாக ஏற்பதாகும். அந்த மோதிரம் கழற்றப்படும் எனக் கூறுவது, அரசனின் சொல்லிலிருந்து கடவுளின் ஒப்புதலை மீட்டுக்கொள்வதாகும்.

4. முளை: உரிமையும் நீதியும்

மூன்று அரசர்களுக்குப் பின் தொகுப்பில் வரவேண்டியவன் சிதேக்கியா. ஆனால் அவன் பெயர் அங்கு வரவில்லை. மந்தையைச் சிதறடித்த மேய்ப்பர்கள் மீதான கண்டனத்தை அடுத்து, தாவீதுக்கு நீதியுள்ள ஒரு முளை எழுப்பப்படும் நாள் பற்றிய வாக்கு வருகின்றது (23:5-6). அந்த அரசன் அறிவோடு ஆள்வான். நாட்டில் நியாயமும் நீதியும் செய்வான். அவன் பெயர் 'யாவே எங்கள் நீதி' என்பதாகும்.

சிதேக்கியா என்ற பெயருக்கு 'யாவே என் நீதி' என்பது பொருள். எனவே, வருங்கால அரசனின் பெயர் ஆளும் அரசனின் பெயரைத் திருப்பிப்போட்டு அமைக்கப்பட்டுள்ளது. 'என்' என்பது 'எங்கள்' ஆகின்றது. பாபிலோன் சூட்டிய பெயரில் நீதி ஒருவனின் உடைமையாக இருக்க, இறைவாக்கு தரும் பெயரில் அது மக்கள் அனைவர்க்கும் உரியதாகின்றது. இவ்வாக்கு எரேமியாவே கூறியதா, பின்வந்த தொகுப்பாளர் சேர்த்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எவர் அமைத்திருப்பினும், சிதேக்கியா நிற்கவேண்டிய இடத்தில் பெயரற்ற ஒருவனை நிறுத்தியிருப்பது ஓர் அரசியல் தீர்ப்பே.

முளை எனக் குறிக்கப்படும் எபிரேயச் சொல் 'செமாக்' என்பதாகும். நிலத்திலிருந்து முளைத்தெழுதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்தது இது. தமிழில் நெடுங்காலமாக வழங்கும் சீர்திருத்தச் சபையினரின் விவிலிய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'கிளை' என்ற சொல்லை ஆள்கின்றது. கிளை என்றால் உயிரோடு நிற்கும் மரத்தின் பகுதி என்ற எண்ணமே தோன்றும். செமாக் அத்தகைய தொடர்ச்சியை முன்கொள்ளவில்லை. 2000இல் வெளிவந்த தம் ஆய்வில் வோல்ட்டர் ரோஸ் இச்சொல் மரக்கிளையைக் குறிப்பதன்று, நிலத்தின் விளைவைக் குறிப்பது என வாதிட்டார். தமிழில் 'முளை' என்ற சொல் இப்பொருளுக்கு அணுக்கமானது. குலத்தின் இளந்தலைமுறையைக் 'குலக்கொழுந்து' எனச் சுட்டும் வழக்கு நமக்கு இருப்பதால், தாவர உருவகம் மரபுரிமையைக் குறிப்பது தமிழ் வாசகர்க்குப் புதிதன்று.

'நீதியுள்ள முளை' என்ற தொடருக்குச் சட்டப்பொருளும் உண்டு. சைப்பிரஸ் தீவின் லாப்பித்தோஸ் பகுதியில் கிடைத்த கி.மு. 3ஆம் நூற்றாண்டுப் பினீசியக் கல்வெட்டில் இதே தொடர் 'முறையான வழித்தோன்றல்' என்ற பொருளில் வருகின்றது. சிறைப்பட்ட யோயாக்கீன் உயிரோடிருக்க, அவன் சிறிய தந்தை அயலாரின் ஆணையால் ஆண்ட சூழலில், முறையான வாரிசு யார் என்பது உண்மையான அரசியல் வினா. எரேமியா நூலின் விடை அவ்விருவர் பக்கமும் சாயவில்லை. உரிமை என்ற பொருளுடைய சொல்லை எடுத்து, நியாயமும் நீதியும் செய்தல் என்ற பொருளால் அதை நிரப்புகின்றது. நீதி செய்பவனே முறையான வாரிசு என்பது அதன் தீர்ப்பு.

5. பாபிலோனில் இருந்த அரசன்

சிறைப்பட்ட யோயாக்கீனின் வாழ்வு பற்றி நேரடிச் சான்றுகள் உள்ளன. ஜெர்மானியத் தொல்லியலாளர் ராபர்ட் கோல்டவே பாபிலோன் தெற்கு அரண்மனையில் அகழ்ந்தெடுத்த ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளில் சிலவற்றை எர்ன்ஸ்ட் வைட்னர் 1939இல் வெளியிட்டார். அரண்மனைச் சேமிப்பிலிருந்து வழங்கப்பட்ட எண்ணெய்ப் பங்கீட்டின் கணக்குகள் அவை. அவற்றுள் யூதா நாட்டு அரசன் யோயாக்கீனின் பெயரும் அவனுடைய 5 மகன்களும் குறிக்கப்பெற்றுள்ளனர். பலகைகளுள் ஒன்று கி.மு. 592ஐச் சேர்ந்தது. நாடிழந்த பின்னும் பாபிலோனியக் கணக்கர் அவனை அரசன் என்றே எழுதினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தகைய நிலையில் அவன் மீள்வான் என்ற நம்பிக்கை எருசலேமில் உயிர்பெற்றிருந்ததில் வியப்பில்லை. அனனியா என்னும் இறைவாக்கினர், 2 ஆண்டுகளுக்குள் யோயாக்கீனும் ஆலயத்தின் கலங்களும் திரும்பிவருவர் என மக்கள்முன் அறிவித்தார். எரேமியா அதை மறுத்தார் (எரேமியா 28). நாடுகடத்தப்பட்டோர்க்கு எழுதிய கடிதத்தில், பாபிலோனிலேயே வீடு கட்டித் தோட்டமிட்டு வாழுமாறு அவர் அறிவுறுத்தினார் (29). வருங்கால அரசனைப் பற்றிய எதிர்பார்ப்பும், இன்ன அரசன் இத்தனை ஆண்டில் வருவான் என்ற அரசியல் ஆரூடமும் வேறானவை என்பதை இம்மோதல் காட்டுகின்றது.

பாபிலோனில் வாழ்ந்த எசேக்கியேல் தம் காட்சிகளின் காலத்தை யோயாக்கீன் சிறைப்பட்ட ஆண்டிலிருந்து கணக்கிட்டார். எனினும் அவர் வருங்காலத் தலைவனைப் பெரும்பாலும் 'நாசி' என்றே குறிக்கின்றார். அரசனைக் குறிக்கும் 'மெலேக்' என்ற சொல்லைச் சிக்கனமாகவே ஆள்கின்றார். நாசி என்பது குலத்தலைவர் என்ற பொருளுடைய பழஞ்சொல். நூலின் இறுதிப்பகுதியில் நாசிக்குரிய நிலம் அளந்து கொடுக்கப்படுகின்றது. மக்களின் பரம்பரை நிலத்தை அவன் பறிக்கக்கூடாது என விதிக்கப்படுகின்றது (46:18). நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நினைவில் கொண்டால் இவ்விதியின் நோக்கம் விளங்கும். அரசபதவி மீளும்போதே அதற்கு எல்லையும் வகுக்கப்படுகின்றது.

கி.மு. 586இல் எருசலேம் அழிந்தது. சிதேக்கியாவின் மகன்கள் அவன் கண்முன் கொல்லப்பட்டனர். அதன்பின் அவன் கண்கள் பிடுங்கப்பட்டன. யோயாக்கீன் சிறைப்பட்ட 37ஆம் ஆண்டில், நேபுகாத்நேச்சாரின் மகன் அவனை விடுவித்து, தன் மேசையில் உண்ணச்செய்தான் என்ற செய்தியோடு இராஜாக்கள் நூல் முடிகின்றது. அரசன் உயிரோடு இருக்கின்றான்; உணவு கிடைக்கின்றது; நாடு திரும்பும் குறிப்பு எதுவும் இல்லை.

6. அரசனின்றி ஓர் எதிர்பார்ப்பு

கி.மு. 539இல் கோரேசின் படை பாபிலோனைக் கைப்பற்றியது. இச்சூழலோடு இணைத்து நோக்கப்படும் ஏசாயா 40-55 அதிகாரங்களில் தாவீது மரபில் ஓர் அரசன் வருவான் என்ற எதிர்பார்ப்பு இல்லை. எண்ணெய் பூசப்பெற்றவர் என்ற அரசப்பட்டம் பாரசீகனுக்கே தரப்படுகின்றது. 1879இல் கண்டெடுக்கப்பட்ட கோரேசின் களிமண் உருளை, பாபிலோனியக் கடவுள் மர்துக்கே அவனைத் தேர்ந்ததாகக் கூறுகின்றது. வென்றவனைத் தத்தம் கடவுள் தேர்ந்ததாக விளக்குதல் அக்காலச் சமய அரசியலின் பொதுமொழி என இதனால் அறியலாம்.

இப்பகுதியில் தாவீதின் பெயர் ஓரிடத்தில் மட்டும் வருகின்றது (55:3). தாவீதுக்கு உறுதியளிக்கப்பட்ட அருள் அங்கு பன்மையில் 'உங்களுக்கு', அதாவது மக்கள் அனைவர்க்கும் உரிய உடன்படிக்கையாகின்றது. அரசனை எதிர்பாராமலே தாவீதின் வாக்குறுதியை நம்பவியலும் என்ற நிலைப்பாடும் இவ்விவாதத்தில் இருந்தது.

7. பெயர் சுட்டிய எதிர்பார்ப்பு: ஆகாய்

செருபாபேல் யோயாக்கீனின் பேரன். அவன் தந்தை சலாத்தியேல் என ஆகாயும் எஸ்றாவும் கூற, 1 நாளாகமம் 3:19 பெதாயா என்கின்றது. அவன் பெயர் பாபிலோனிய மொழியில் 'பாபிலோனின் வித்து' எனப் பொருள்படும். பாரசீக ஆட்சியின்கீழ் அவன் யூதா மாநிலத்தின் ஆளுநன்.

ஆகாய் நூலின் வாக்குகள் யாவும் தரியு மன்னனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. இதற்குச் சற்றுமுன்பு பேரரசு முழுவதும் கலகத்தால் அதிர்ந்திருந்தது. 19 போர்களில் 9 அரசர்களைப் பிடித்ததாகத் தரியு பெகிஸ்தூன் பாறைக் கல்வெட்டில் பொறித்துள்ளான். பாபிலோனில் மட்டும் இருவர் அடுத்தடுத்து நேபுகாத்நேச்சார் எனப் பெயர் சூடிக் கலகம் செய்தனர். பழைய அரசமரபுகளின் பெயரால் எழுச்சிகள் நிகழ்ந்த அச்சூழலில், பழைய தாவீது மரபில் வந்த ஆளுநனை நோக்கி ஆகாயின் இறுதி வாக்கு பிறந்தது.

அதன் நாள் இன்றைய கணக்கில் கி.மு. 520 டிசம்பர் 18. கடவுள் வானத்தையும் பூமியையும் அசைப்பார்; அரசுகளின் அரியணைகளைக் கவிழ்ப்பார்; அந்நாளில் செருபாபேலை எடுத்து முத்திரை மோதிரமாக வைப்பார். அரசன் என்ற சொல் இவ்வாக்கில் இல்லை. ஆயினும் ஊழியன், தேர்ந்துகொள்ளல் ஆகியவை தாவீதைக் குறித்து வழங்கிய சொற்கள். எரேமியா 22ஐ அறிந்த எவரும் அச்சாபம் திரும்பப்பெறப்பட்டது என்றே இதைக் கேட்டிருப்பர்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. எரேமியாவின் தொகுப்பில் மோதிரம் கழற்றப்படுமுன் நீதியின் அளவுகோல் விரிவாகக் கூறப்பட்டது. ஆகாயின் வாக்கிலோ அத்தகைய அளவுகோல் எதுவுமில்லை. இவன் என்ன செய்வான் என்ற வினாவே எழவில்லை. இவன் யார் என்பதே போதுமாயிற்று.

8. பெயர் சுட்டாத முளை: சகரியா

ஆகாயின் வாக்குக்கு 2 மாதத்திற்குப் பின், கி.மு. 519 பிப்ரவரியில், சகரியா கண்ட காட்சியில் பூமியைச் சுற்றிவந்த தூதர்கள் உலகம் முழுவதும் அமைதியாக உள்ளது என அறிவிக்கின்றனர் (சகரியா 1:11). ஆகாய் எதிர்பார்த்த அதிர்வு நிகழவில்லை. இவ்வமைதி நற்செய்தியாகக் கூறப்படவில்லை. எருசலேமுக்கு இன்னும் எத்தனை காலம் இரக்கமில்லை என்ற முறையீடு அதனைத் தொடர்கின்றது.

சகரியா மோதிர உருவகத்தைத் தொடவில்லை. எரேமியாவின் மற்றோர் உருவகமாகிய முளையையே அவர் எடுத்தாள்கின்றார் (3:8, 6:12). ஆலயத்திற்கு அடித்தளமிட்ட செருபாபேலின் கைகளே அதை முடிக்கும் என 4ஆம் அதிகாரம் பெயர் சுட்டிக் கூறுகின்றது. ஆனால், முளை என்பவன் ஆலயத்தைக் கட்டி அரியணையில் அமர்வான் எனக் கூறும் 6ஆம் அதிகாரத்தில் செருபாபேலின் பெயர் இல்லை. வெள்ளியாலும் பொன்னாலும் ஆன முடி, தலைமைக் குரு யோசுவாவின் தலையில் வைக்கப்படுகின்றது. பின்னர் நினைவுச்சின்னமாக ஆலயத்தில் வைக்கப்படவேண்டும் எனச் சொல்லப்படுகின்றது.

இப்பகுதியில் முதலில் செருபாபேலின் பெயரே இருந்தது, அவன் மறைந்தபின் அது நீக்கப்பட்டது என ஜூலியஸ் வெல்ஹவுசன் முதலானோர் கருதினர். பெயர் நீக்கப்பட்டதற்குக் கையெழுத்துப்படிச் சான்று இல்லை. மாறாக, முளை என்பவன் தொடக்கத்திலிருந்தே இனி வரவிருக்கும் ஒருவன், செருபாபேல் அல்லன் என்கின்றார் ரோஸ். ஆனால், ஆலயம் கட்டும் பணி இருவர்க்கும் பொதுவாகக் கூறப்படுவதை இக்கருத்து எளிதில் விளக்காது. இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையே வேறொரு விளக்கம் இயலும். செருபாபேலின் பெயரிலேயே 'வித்து' உள்ளது. வித்திலிருந்து எழுவது முளை. கேட்போர் அவனை நினைப்பர். ஆயினும் வாக்கு அவனோடு கட்டுண்டு கிடக்காது. முடி ஒருவர் தலையில் நிலைக்காமல் ஆலயத்தில் வைக்கப்படுவதும் இதற்கு இயைகின்றது. அரியணைக்குரிய இடம் காக்கப்படுகின்றது. அமர்பவன் பெயர் திறந்து விடப்படுகின்றது.

மேலும், எரேமியா அரசனுக்கு விதித்த கடமைகளைச் சகரியா மக்கள் அனைவரின்மீதும் சுமத்துகின்றார். கி.மு. 518ஐச் சேர்ந்த வாக்கில் விதவையையும் அநாதையையும் அயலானையும் ஏழையையும் ஒடுக்கலாகாது என அவர் நாட்டாரையும் குருக்களையும் நோக்கிக் கூறுகின்றார் (7:5-10). அரசன் வரும்வரை நீதி காத்திருக்கவேண்டியதில்லை.

கி.மு. 515இல் ஆலயம் முடிந்தது. அதனை விவரிக்கும் எஸ்றா 6ஆம் அதிகாரத்தில் யூதாவின் மூப்பர்களும் ஆகாயும் சகரியாவும் குறிப்பிடப்படுகின்றனர்; செருபாபேல் இல்லை.

9. பெயர் நகரத்துக்கு மாறுதல்

எரேமியா 33:14-26 பகுதி, 23:5-6இன் வாக்கை மீண்டும் எடுத்துரைக்கின்றது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் கிரேக்க விவிலியத்தில் இப்பகுதி இல்லை. கிரேக்கத்தில் இல்லாத எரேமியாப் பகுதிகளுள் இதுவே நீளமானது. குறுகிய வடிவத்தை ஒத்த எபிரேயப் படிகளின் துணுக்குகள் கும்ரான் குகைகளில் கிடைத்துள்ளன. எனவே, 33:14-26 பிற்காலச் சேர்க்கை எனப் பலர் கருதுகின்றனர்.

இப்பகுதியில் 'யாவே எங்கள் நீதி' என்ற பெயர் அரசனுக்குரியதன்று, எருசலேம் நகரத்திற்குரியது. சிதேக்கியாவின் பெயரைத் திருப்பி ஒரு வருங்கால அரசனுக்குச் சூட்டப்பட்ட பெயர், அரசனற்ற காலத்தில் ஊரின் பெயராயிற்று. தாவீதுடன் லேவி குருக்களும் இணைத்துப் பேசப்படுவது, அரியணையருகே குருவை நிறுத்திய சகரியா 6ஐ நினைவூட்டுகின்றது. வாக்கு கைவிடப்படவில்லை, அதைச் சுமக்கும் தோள்கள் பலவாயின.

10. மோதிரமும் முளையும் சென்ற வழிகள்

இவ்விரு உருவகங்களின் பிற்கால வரலாறு அவற்றின் இயல்பைத் தெளிவுபடுத்துகின்றது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சீராக் நூல் முன்னோர்களைப் போற்றுமிடத்தில் செருபாபேலை வலக்கை முத்திரை மோதிரத்திற்கு ஒப்பிடுகின்றது (49:11). அங்கு அது ஆலயம் கட்டிய முன்னோனுக்கான புகழுரை. வருங்காலம் பற்றிய குறிப்பு அதில் இல்லை. ஆகாயின் வாக்கு அழிக்கப்படாமல் நினைவாகப் பேணப்பட்டது.

முளையோ தொடர்ந்து வளர்ந்தது. கும்ரான் சுவடிகளுள் 2 சாமுவேல் 7க்கு விளக்கம் கூறும் ஒன்று 'தாவீதின் முளை' வருவதை எதிர்நோக்குகின்றது. ஆதியாகமம் 49க்கான விளக்கச் சுவடியில், 'நீதியின் மெசியா' என்பதும் 'தாவீதின் முளை' என்பதும் ஒருவனுக்கே உரிய பெயர்களாக அடுத்தடுத்து வருகின்றன. மெசியா என்ற சொல், நீதி, முளை ஆகிய மூன்றும் இங்கு ஒன்றுகூடுகின்றன. எரேமியா நூலில் இம்மூன்றனுள் பின்னிரண்டே இருந்தன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். யூதர்கள் நாள்தோறும் சொல்லும் நின்று வேண்டும் மன்றாட்டிலும் தாவீதின் முளை முளைத்தெழவேண்டும் என்ற வேண்டுதல் இடம்பெற்றுள்ளது. கிறித்தவ மரபில் மத்தேயு நற்செய்தியின் மரபுவரிசை, மோதிரமாகக் கழற்றப்பட்ட யோயாக்கீனையும் மோதிரமாக வைக்கப்பட்ட செருபாபேலையும் இயேசுவின் முன்னோராகக் குறிக்கின்றது.

11. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படும் முடிபுகள் வருமாறு:

• கி.மு. 609 முதல் 515 வரையிலான இறைவாக்கு நூல்களில் வருங்கால அரசன் பற்றி ஒரே கோட்பாடு இல்லை. அரசனை மீட்டல், அவன் அதிகாரத்துக்கு எல்லையிடல், அவனை ஓர் அயலானில் காணல், அவன் வாக்குறுதியை மக்களுக்கு உரித்தாக்கல் ஆகிய நிலைப்பாடுகள் ஒன்றோடொன்று வழக்காடின.

• எரேமியாவின் முளை, அரியணைக்கு உரியவன் யார் என்ற அரசியல் வினாவுக்கு நீதி செய்பவன் என விடையளித்தது.

• ஆகாய் ஓர் ஆளுநன் பெயரைச் சுட்டி, அளவுகோல் எதுவும் கூறாமல் மோதிரத்தை அவனுக்கு அளித்தார். அவன் மறைந்தபோது மோதிரம் நினைவாயிற்று. சகரியா பெயரைத் திறந்துவிட்டார். முளை எதிர்பார்ப்பாக நிலைத்தது.

• எதிர்பார்ப்பு பொய்த்ததற்கான சான்றையும் இம்மரபு மறைக்கவில்லை. கழற்றி எறியும் வாக்கும் மீண்டும் அணியும் வாக்கும் ஒரே திருமறையில் அடுத்தடுத்துப் பேணப்பட்டுள்ளன.

பிற்காலக் கோட்பாட்டிலிருந்து பின்னோக்கி இந்நூல்களை வாசிப்போர், வரப்போகிறவன் யார் என்பதையே கேட்கின்றனர். கூலி கொடுக்காமல் கேதுரு மாளிகை கட்டிய அரசனின் முன்னிலையில் பிறந்த சொற்கள் இவை என்பதை உணர்ந்து வாசித்தால், ஆளுகின்றவன் எவ்வாறு ஆளவேண்டும் என்ற வினாவே அவற்றில் முந்தி நிற்பதைக் காணலாம்.